மாமனார் காரின் மூக்கு

2024 அக்டோபர் 13, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்தேன். பல் துலக்கி, வெந்நீர் குடித்து, மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தைப் பார்த்துவிட்டு இறங்கினேன். கம்பிக் கதவில் தொங்கிய பால் பாக்கெட்டை எடுத்து அடுப்படியில் வைத்தேன். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே காரின் நான்கு டயர்களுக்கும் காற்று அளந்தேன். ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தேன். இரவெல்லாம் சார்ஜில் கிடந்த லேப்டாப்பைக் கழற்றிப் பையில் வைத்தேன். மனைவி இரண்டு டம்ளர் காப்பி கொண்டுவந்தாள். நின்றுகொண்டே குடித்தோம்.

பல மாதங்களாக எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் இப்படித்தான் தொடங்கின. அன்று ஒன்றே ஒன்றுதான் வேறு. அன்று தோற்றால் கார் எங்கள் வீட்டுக்குத் திரும்பாது.

அந்தக் கார் என் மாமனாருடையது. வாழ்நாள் முழுக்க மொபெட்டில் நூல் மூட்டை ஏற்றிப் போன மனிதர், கடையை மூடிய பிறகு டர்போ வைத்த ஒரு பெட்ரோல் காரை வாங்கினார். அழகர்கோவில் சாலையில் லாரிகளைத் தாண்டும்போது சத்தம் போட்டுச் சிரிப்பார். சாகும் முன் காரை மகளுக்கு எழுதிவைத்தார். மகன் காளவாசலில் கார் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறார். அவருக்குக் கொடுக்கவில்லை. உயிரோடு இருந்தவரை ஒரு சர்வீசுக்குக்கூட அவரிடம் விட்டதில்லை. காரணத்தை மறைக்கவும் இல்லை. "அவன்கிட்ட விட்டா நல்ல சாமானைக் கழட்டி வித்துட்டு, ஓடாததை மாட்டி அனுப்புவான்" என்று மகன் எதிரில் இருக்கும்போதே நாலு பேரிடம் சொல்வார். மகன் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். அந்தச் சிரிப்பை நான் இருபது வருடமாகப் பார்த்துவருகிறேன். அது என் பக்கம் திரும்பியது மாமனார் இறந்த பிறகு.

மச்சானைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் சௌராஷ்டிரம்தான் பேசுவோம். சோறு, துணி, சொத்து, சாவு எல்லாம் அதில்தான். என்னை மட்டம் தட்டும்போது மட்டும் மச்சான் தமிழுக்கு மாறிவிடுவார். சுற்றி நிற்கிற எல்லோருக்கும் புரிய வேண்டும் அல்லவா.

நான் பல் செட் கட்டும் லேப் வைத்திருக்கிறேன். டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள், நான் பல்லைச் செய்து கொடுப்பேன். நோயாளி யார் என்று எனக்குத் தெரியாது, தாடை மட்டும் தெரியும். அச்சில் வார்த்த தாடைகளை நீலத் தாளைக் கடிக்க வைத்தால் எந்தப் பல் அதிகமாக இடிக்கிறதோ அங்கே மை ஒட்டும். அந்த இடத்தை மட்டும் ஒரு மயிரிழை தேய்த்து, மறுபடி கடிக்க வைத்துப் பார்ப்போம். என் வேலை முழுக்க அவ்வளவுதான்.

காரை டியூன் செய்யும் எண்ணம் முதலில் எனக்கு வரவில்லை. மச்சான்தான், "ஒரு நாள் விடுங்க மாப்ள, நம்மகிட்ட ஒரு ஃபைல் இருக்கு, ஏத்திவிடுறேன், வண்டி பறக்கும்" என்றார். இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டருக்காக யாரோ எங்கேயோ செய்து விற்ற ஃபைல். எல்லா வண்டிக்கும் அதே ஒன்றைத்தான் ஏற்றிக்கொண்டிருந்தார். கார் பறக்கத்தான் செய்தது. ஆனால் பாலம் ஏறும்போதெல்லாம் இன்ஜினுக்குள் கடகடவென்று ஒரு சத்தம். போய்ச் சொன்னேன். வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். மச்சான் தமிழில் பேசினார்.

"பல்லு கட்டுற ஆளு வண்டி ஓட்டுனா வண்டிக்குப் பல்லு கூசத்தானே மாப்ள செய்யும்? கிராம்புத் தைலம் தடவிப் பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். டீ கொண்டுவந்தவர்கூட. என்னோடு வந்திருந்த மனைவி சிரிக்கவில்லை. திரும்பும் வழியில், "நீங்களே கத்துக்க முடியாதா?" என்று கேட்டாள். இன்ஜின் என்றால் எனக்கு என்ன தெரியும் என்றேன். "தாடைன்னா என்ன தெரிஞ்சு ஆரம்பிச்சீங்க?" என்றாள்.

ஒரு கேபிள் வாங்கினேன். ஸ்டீயரிங்குக்கு அடியில் இருக்கும் சொருகியில் ஒரு முனை, லேப்டாப்பில் மறுமுனை. மென்பொருளைத் திறந்தால் கட்டம் போட்ட பெரிய அட்டவணை ஒன்று வரும். மேல் வரிசையில் இன்ஜின் சுற்றும் வேகம், இடது பக்கம் அது இழுக்கும் சுமை. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஒரு எண். அந்த நிலையில் பெட்ரோலுக்கு எவ்வளவு முன்கூட்டிப் பொறி வைக்க வேண்டும் என்பது அந்த எண். முன்னால் வைத்தால் வேகம் கூடும். ரொம்ப முன்னால் வைத்தால் பெட்ரோல் தானாக வெடித்துப் பிஸ்டனை அடிக்கும். நாங்கள் கேட்ட கடகடச் சத்தம் அதுதான். மச்சான் ஏற்றிய ஃபைலில் எல்லாக் கட்டத்திலும் கண்மூடித்தனமாக ஒரே அளவுக்கு எண்ணைக் கூட்டியிருந்தார்கள். முழுத் தாடையையும் ஒரே அளவுக்குத் தேய்த்து வைத்ததுபோல.

காரோடு வந்த பழைய ஃபைலைத் திரும்ப ஏற்றிவிட்டு, கட்டம் கட்டமாக ஆரம்பித்தேன். புகைக்குழாயில் ஒரு சென்சார் மாட்டிப் பெட்ரோல் அதிகமா குறைவா என்று பார்க்கக் கற்றேன். நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டினால் செக்கானூரணி வரை ஞாயிறு காலையில் சாலை காலியாகக் கிடக்கும். இரண்டு பக்கமும் வயல், தூரத்தில் மலை. நான் ஓட்டுவேன், மனைவி பக்கத்தில் லேப்டாப்பை மடியில் வைத்து எண்களை வாய்விட்டுப் படிப்பாள். எங்கள் பாஷையில்தான் படிப்பாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் எந்த எண் எங்கே இருக்க வேண்டும் என்பது நாளாக ஆக அவளுக்கு மனப்பாடமானது. ஒரு எண் பிசகினால் நான் கேட்கும் முன்பே நிறுத்திவிடுவாள். வீட்டுக்கு வந்து ஒரு கட்டத்தில் அரை டிகிரி குறைப்பேன், இன்னொன்றில் அரை டிகிரி கூட்டுவேன். அடுத்த ஞாயிறு மறுபடி கடிக்க வைத்துப் பார்ப்போம்.

ஒரு நாள் ஏர் ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் சென்சாரைக் கழற்றி அவளுக்குக் காட்டினேன். கட்டைவிரல் அளவு கருப்புப் பிளாஸ்டிக். அதன் வாய்க்குள் முடியைப்போல ஒரு கம்பி.

"இதுதான் வண்டியோட மூக்கு. எம்புட்டுக் காத்து உள்ள போகுதுன்னு இந்தக் கம்பி மோந்து சொல்லும். இது சொல்றதை நம்பித்தான் பெட்ரோலும் பொறியும். இது பொய் சொன்னா வண்டி செத்துரும்."

"அப்பாவுக்கும் மூக்குதான் பெருசு" என்றாள். அந்தக் கம்பியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் கடைசியில் கார் நன்றாக ஓடியது. மச்சானின் ஃபைலைவிட வேகம், சத்தம் இல்லை. எனக்குத் திருப்தி வரவில்லை. ஓரமாக இருந்த கட்டங்களில் இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினேன். இன்ஜினில் சத்தம் கேட்டால் தானாகப் பொறியைப் பின்னுக்கு இழுக்கும் ஒரு காவல் உண்டு. ஒன்றுமில்லாததற்கெல்லாம் பதறுகிறது என்று அதன் காதையும் சற்று மந்தமாக்கினேன். எல்லாம் எல்லைக்குள்தான் இருந்தது. ஆனால் எல்லைக்கு ரொம்பப் பக்கத்தில்.

ஆயுத பூஜைக்கு முந்தின மாலை காரைக் கழுவினேன். பூஜையில் வைப்பதற்காகச் சில பாகங்களைக் கழற்றித் துடைத்துப் பூஜை அறையில் செய்தித்தாள் மேல் அடுக்கினேன். என் லேபின் கருவிகள், ஸ்பேனர்கள், கேபிள், லேப்டாப், அந்த மூக்கு. மறுநாள் மனைவி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பூஜைக்கு வைத்ததை அன்று தொடக்கூடாது என்பதால் நான் கிட்டே போகவில்லை.

அன்று மாலை பொரிகடலை வாங்க ஆட்டோவில் மச்சான் ஒர்க்ஷாப்புக்குப் போனோம். வருடா வருடம் போவதுதான். வாசலில் எங்கள் காரைப் போலவே இன்னொரு கார் மாலை போட்டு நின்றது. வாடிக்கையாளருடையது. அதில் அவருடைய ஃபைல் ஏறியிருந்தது. ஏழெட்டுப் பேர் நின்றார்கள். மச்சான் என் கையில் பொரிப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுத் தமிழில் ஆரம்பித்தார்.

"நம்ம மாப்ளதான்ணே இது. பல்லு டாக்டரு இல்ல, பல்லு மேஸ்திரி. இப்ப வண்டியும் டியூன் பண்றாரு."

"அப்படியாண்ணே?" என்றார் ஒருவர்.

"வாராவாரம் புருசன் பொண்டாட்டி லேப்டாப்ப மடியில வெச்சுத் தாலாட்டிக்கிட்டு செக்கானூரணி போயிட்டு வாராக. அம்புட்டுப் பாசம். பத்து மாசம் ஆகப்போகுது. புள்ள எப்ப மாப்ள பொறக்கும்?"

எங்களுக்குக் குழந்தை இல்லை. அது அங்கே நின்ற பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்கள் முதலில் சிரித்தார்கள், தெரிந்தவர்கள் கொஞ்சம் தாமதமாக. நான் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மனைவிதான் பேசினாள். "ஞாயித்துக்கிழமை வாங்கண்ணே. அந்த வண்டிய எடுத்துக்கிட்டு வாங்க. யாரு முன்னால போறாகன்னு பாப்போம்."

"தோத்தா?"

"என்ன வேணும்?"

மச்சான் சிரிப்பை நிறுத்தினார். "அப்பா வண்டி."

"சரி" என்றாள். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

சனிக்கிழமை காலை பூஜையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துக் காரில் மாட்டினேன். மூக்கின் முதுகில் ஒரு பொட்டு இருந்தது. வெளிப்பக்கம்தானே என்று விட்டுவிட்டேன். நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. மெதுவாகப் போகும்போது புகைக்குழாய் சென்சாரைப் பார்த்து வண்டி தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். முழுக்க மிதிக்கும்போதுதான் மூக்கை மட்டும் நம்பி ஓடும்.

ஞாயிறு. நாகமலை புதுக்கோட்டை தாண்டி ஓரமாக நிறுத்தினோம். பின்னால் மச்சான் தனியாக அந்தக் காரில். இரண்டு காரிலும் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தோம். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் நான் ஒன்று செய்வேன். இன்ஜினை நிற்கும் நிலையில் ஓடவிட்டு, மூக்கு என்ன சொல்கிறது என்று படிக்கச் சொல்வேன். அது எப்போதும் நொடிக்கு இரண்டரை கிராம் காற்றை ஒட்டியே இருக்கும்.

அன்று அவள் "இரண்டு" என்றாள். பிறகு மறுபடி திரையைப் பார்த்து, எங்கள் பாஷையில், "இன்னைக்குக் கம்மியா இருக்கே" என்றாள்.

போனில் மச்சானின் குரல் தமிழில் வந்தது. "என்ன மாப்ள, நாடி பாக்குறீகளா? வாரீகளா, இல்ல நான் இப்பவே சாவிய வாங்கிட்டுப் போகவா?"

"ஒரு நிமிசம் பாருங்க" என்று அவள் என் கையைத் தொட்டாள்.

நான் தமிழில் சொன்னேன், போனில் கேட்கும்படியாக. "படிக்கச் சொன்னா படி. வாத்தியார் வேலை பாக்காத."

போனில் சிரிப்பு. "அப்படிப் போடுங்க மாப்ள!"

அவள் கையை எடுத்துக்கொண்டாள். கிளம்பினோம்.

இரண்டு காரும் சமமாக ஊர்ந்தன. மச்சான் ஹாரன் அடித்தார், இருவரும் மிதித்தோம். மூன்றாவது கியரில் நாங்கள் முன்னால் போனோம். கண்ணாடியில் அவர் கார் சிறிதானது. மனைவி சத்தம் போட்டுச் சிரித்தாள். மாமனார் லாரியைத் தாண்டும்போது சிரிப்பாரே, அதே சிரிப்பு. அவர் இறந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

அந்தச் சிரிப்புக்கு அடியில் சத்தம் வந்தது. தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்குவதுபோல. காலை எடுப்பதற்குள் 'டக்' என்று ஒன்று. பிறகு மிதித்தாலும் கார் கேட்கவில்லை. பின்னால் நீலப் புகை சாலை முழுக்கப் பரவியது. மச்சான் அந்தப் புகைக்குள்ளிருந்து வெளியே வந்து, ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனார். கொஞ்ச தூரம் போய், திரும்பி வந்தார்.

அவர் டிக்கியில் கயிறு இருந்தது. முன்கூட்டியே கொண்டுவந்திருந்தார்.

"பாப்பா, நீ என் வண்டில ஏறு. அதுல புகை" என்றார் தங்கையிடம். அவள் லேப்டாப்பை என் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். செத்த காரின் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நான் பின்னால் இழுபட்டேன். நாகமலை புதுக்கோட்டைக் கடைத்தெருவில் அவர் வேண்டுமென்றே மெதுவாகப் போனார். தெரிந்தவர்களைப் பார்க்கும்போதெல்லாம் ஹாரன் அடித்து, கையை வெளியே நீட்டிப் பின்பக்கம் காட்டினார். கயிற்றின் நீளம் அவ்வளவாக இல்லை. முன்னால் அவள் பின்னந்தலை தெளிவாகத் தெரிந்தது. வழி முழுக்க அது திரும்பவே இல்லை.

ஒர்க்ஷாப்பில் ஞாயிற்றுக்கிழமையிலும் ஆட்கள் இருந்தார்கள். அவர் வரச்சொல்லியிருக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக வயர் கேமராவை விட்டார். திரையில் பிஸ்டனின் ஓரம் உடைந்து பல் விழுந்த ஈறுபோலத் தெரிந்தது.

"பாருங்கப்பா, எல்லாரும் பாருங்க. கடவாப் பல்லு போச்சு. மாப்ள, இதுக்கு ஒரு செட்டு கட்டித் தாரீகளா?"

நான் மூக்கைக் கழற்றினேன். கைப்பழக்கத்தில் கழற்றியதுதான். வெளிச்சத்தில் பிடித்து வாய்க்குள் பார்த்தேன். கம்பியின் மேல் சந்தனம் காய்ந்து பிடித்திருந்தது. அதன் நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி. பல்குச்சி முனையால்தான் வைத்திருக்க முடியும். அவ்வளவு பொறுமையாக, அவ்வளவு சரியாக நடுவில். சந்தனம் மூடிய கம்பி காற்றைக் குறைத்துச் சொன்னது. குறைந்த சுமை என்று நம்பிய கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்து, பொறியை முன்னால் தள்ளியது. எல்லைக்குப் பக்கத்தில் இருந்தது எல்லையைத் தாண்டியது.

"டியூன்ல தப்பு இல்ல" என்றேன். தமிழில்தான் சொன்னேன். "இதப் பாருங்க. உங்க தங்கச்சி வெச்ச பொட்டு. மூக்குக்குள்ள வெச்சிருக்கா."

சென்சார் கை மாறிப் போனது. ஒவ்வொருவராக உள்ளே பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். மச்சான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மூக்குத்தி போட்டு விட்டியா பாப்பா!"

மனைவி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு அண்ணனைப் பார்த்துப் பேசினாள். அண்ணனிடம் அவள் அதுவரை அத்தனை வார்த்தைகள் தமிழில் பேசி நான் கேட்டதில்லை.

"நான் வெச்சதுதான்ணே. அந்தக் கம்பிதான் வண்டிக்கு உசுருன்னு சொன்னாரு, அப்பாவ நெனச்சு வெச்சேன். ஆனா காலையில ரெண்டுன்னு படிச்சுக் காட்டுனதும் நான்தான். இன்னைக்குக் கம்மியா இருக்குன்னு சொன்னேன். ஒரு நிமிசம் பாருங்கன்னு கையப் புடிச்சேன். வாத்தியார் வேலை பாக்காதன்னாரு. நீங்களும் போன்ல கேட்டீகல்ல?"

"கேட்டேன், கேட்டேன்" என்றார் மச்சான்.

இந்தத் தடவை யாரும் உரக்கச் சிரிக்கவில்லை. ஒருவர் மட்டும் என்னைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

அவள் காரிலிருந்து சாவியை உருவி வந்து ஸ்பேனர்களுக்கு நடுவே வைத்தாள். "இன்ஜின எறக்கிச் சரி பண்ணி நீங்களே ஓட்டுங்கண்ணே. அப்பா வண்டி ஓடிக்கிட்டு இருந்தாப் போதும்."

"சரி பண்ணலாம்தான்" என்றார் அவர். சாவியை எடுத்து விரலில் சுழற்றினார். "ஆனா பண்ண மாட்டேன் பாப்பா. கழட்டி சாமான் சாமானாத்தான் விப்பேன். நான் அப்படித்தான் செய்வேன்னு அப்பா ஊர் பூராச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. அவரு வாக்கு பொய்யாகலாமா?"

ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம். மதியம் அவள் சாப்பாடு போட்டாள், நான் சாப்பிட்டேன். சாயங்காலம் லேப்டாப்பைத் திறந்து அந்த ஓட்டத்தின் பதிவைப் பார்த்தேன். தொடக்கத்தில் இரண்டு என்றுதான் இருந்தது. மூடி வைத்துவிட்டேன்.

மறுநாள், திங்கள். ஐந்து மணிக்கு எழுந்தபோது அவள் எனக்கு முன்பே எழுந்திருந்தாள். ஆயுத பூஜைப் பொட்டுகள் தானாக உதிரும்வரை நாங்கள் விட்டுவிடுவதுதான் வழக்கம். அவள் ஈரத்துணியுடன் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். மிக்சி, ஃபிரிட்ஜ், தையல் மெஷின், கேஸ் சிலிண்டர், என் கருவிப் பெட்டி. கடைசியாக லேப்டாப். மூடியில் இருந்த பொட்டைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். நான் செய்வதுபோலவே ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"சுத்தமா இருக்கான்னு பாத்துக்கங்க" என்றாள்.

தமிழில் சொன்னாள். வீட்டில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.